கடக் கடக் சத்தமும் ஆறு ரப்பர் புஷ்களும்

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்காகச் சில இடங்களைக் கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன்.)



பழைய கார் பராமரிப்பு பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டபோது முதலில் தயங்கினேன். நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகக் காலம் தள்ளியவன். மெக்கானிக் அல்ல. ஆனால் காலையில் நடைப்பயிற்சி போகும்போது நம் பார்க்கிங்கை எண்ணிப் பார்த்தேன். பத்து வருடம் தாண்டிய கார்கள் மட்டும் 23 நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை ஓட்டுபவர்கள் என்னைப் போன்ற ஓய்வு பெற்றவர்கள். மாதத்துக்கு நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர்தான் ஓட்டுகிறோம். இதற்காகப் புதுக் கார் வாங்க மனம் வருவதில்லை. பழையதை நன்றாக வைத்துக்கொள்ளவும் வழி தெரிவதில்லை. அதனால் நான் பணம் கொடுத்து, தவறு செய்து, கற்றுக்கொண்ட ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இன்று சொல்கிறேன். காரின் பின்பக்க சஸ்பென்ஷனில் இருக்கும் ரப்பர் புஷ் பற்றியது அது.

என்னுடையது 2005 மாடல் மாருதி ஆல்டோ. 2020-இல் 15 வருடம் முடிந்ததும் பதிவைப் புதுப்பித்து வைத்திருக்கிறேன். எஞ்சின் இன்றும் முதல் சாவியில் கிளம்பும். பின்பக்கம் சத்தம் வருகிறது என்று முதலில் சொன்னது என் மனைவி. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் முன்சீட்டில் உட்காருவதில்லை. காலை நீட்டி வைத்துக்கொள்ளப் பின்சீட்டுதான் வசதி. "ஏங்க, பின்னாடி என்னமோ கடக் கடக்னு அடிக்குது" என்பார். "டிக்கியில் ஜாக்கி ஆடும்" என்பேன். ஜாக்கியைப் பழைய துணியில் சுற்றி வைத்தேன். சத்தம் நிற்கவில்லை. "அப்படியென்றால் ஸ்டெப்னியாக இருக்கும்" என்றேன். இப்படியே ஒரு வருடம் ஓடியது. ஓட்டுபவர் காதில் எஞ்சின் சத்தம்தான் விழும், ரோட்டில்தான் கவனம் இருக்கும். பின்பக்கக் கோளாறு முதலில் தெரிவது பின்சீட்டில் இருப்பவருக்கு.

ஒரு நாள் செங்கல்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் மழை விட்டிருந்தது. முன்னால் போன வேன் திடீரென்று பிரேக் போட்டது. நான் வலது பக்கம் ஒதுங்கினேன். காரின் முன்பக்கம் சொன்னபடி ஒதுங்கியது. பின்பக்கம் ஒரு நொடி தாமதித்து, தனியாக ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வந்து சேர்ந்தது. மனைவி முன்சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். வலது பக்கம் பின்னால் லாரி ஏதும் வரவில்லை, பிழைத்தோம். வீடு வந்து சேரும்வரை இருவரும் பேசவில்லை. வீட்டுக்குள் வந்த பிறகு அவர் ஒன்றே ஒன்று சொன்னார்: "ஒரு வருஷமா சொல்றேன்."

மறுநாளே ஒரு பட்டறைக்குப் போனேன். அவர் காரை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பழைய வண்டி சார், ஷாக் அப்சார்பர் போயிருக்கும்" என்றார். பின்பக்கம் இரண்டையும் மாற்றினோம். கூலியோடு 5,200 ரூபாய். வெளியே வந்து முதல் ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கியபோது அதே கடக் கடக்.

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். நாள் முடிவில் கணக்கு டேலி ஆகவில்லை என்றால், வித்தியாசத் தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் மறுநாள் அது அங்கேயே உட்கார்ந்திருக்கும். எந்த வவுச்சரில் தவறு என்று தேடிக் கண்டுபிடித்தால்தான் தீரும். நான் கொடுத்த 5,200 ரூபாய் அப்படி சஸ்பென்ஸ் கணக்கில் போட்ட பணம்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். புஷ் என்பது என்ன? வெளியே ஒரு இரும்பு வளையம், நடுவில் ஒரு சின்ன இரும்புக் குழாய், இரண்டுக்கும் இடையில் ரப்பர். ரப்பர் இரண்டு இரும்போடும் ஒட்டியே வார்க்கப்பட்டிருக்கும். என் ஆல்டோவில் பின்பக்கச் சக்கரங்கள் இரண்டையும் ஒரே அச்சு இணைக்கிறது. அந்த அச்சு முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்ள இடது, வலது பக்கம் ஒவ்வொரு கம்பி உண்டு. அதற்கு ட்ரெய்லிங் ஆர்ம் என்று பெயர். பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்ளக் குறுக்கே ஒரு கம்பி. அது லேட்ரல் ராடு. ஒரு கம்பிக்கு இரண்டு முனை, ஒரு முனைக்கு ஒரு புஷ். மூன்று கம்பிக்கு ஆறு புஷ். அச்சையும் காரின் உடம்பையும் இந்த ஆறு ரப்பர்தான் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. ஷாக் அப்சார்பர் குதிப்பதை அடக்குகிறது. அச்சு தன் இடத்தில் நிற்பதை இந்தக் கம்பிகளும் புஷ்களும் பார்த்துக்கொள்கின்றன.

எல்லாக் கார்களிலும் எண்ணிக்கை ஒன்றாக இருக்காது. ஸ்விஃப்ட், ஐ10 போன்ற கார்களில் பின்பக்க பீமின் முன்முனைகளில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய புஷ்கள் இருக்கும். அம்பாசடர் மாதிரி பட்டை ஸ்பிரிங் வண்டியில் பட்டையின் இரு முனைகளிலும் இருக்கும். வடிவம் மாறினாலும் வேலை ஒன்றுதான்.

ரப்பர் ஏன் கெடுகிறது? முதல் காரணம் வயது. வெயில், சூடு, காற்று எல்லாம் சேர்ந்து ரப்பரை இறுகவைத்து வெடிக்கச் செய்கின்றன. கார் அதிகம் ஓடவில்லை என்பது இதற்குப் பாதுகாப்பு ஆகாது. இரண்டாவது பள்ளமும், பெயின்ட் அடிக்காத ஸ்பீட் பிரேக்கரும். மூன்றாவது நாமே செய்யும் தவறு. வாட்டர் சர்வீஸ் விட்டால் கடைசியில் காருக்கு அடியில் டீசலோ கழிவு ஆயிலோ அடித்துவிடுவார்கள். துரு பிடிக்காது என்று நாமும் சந்தோஷப்படுவோம். இந்த ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. ஊறி, உப்பி, இளகிப் போய்விடும். இனிமேல் சர்வீஸ் விடும்போது "அடியில் ஆயில் அடிக்க வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.

இந்தக் கோளாறு என்றால் என்ன அடையாளம்? சின்னச் சின்னப் பள்ளத்தில் மெதுவாகப் போகும்போதே பின்னால் "கடக்" என்று கேட்கும். பிரேக் பிடிக்கும்போதோ வண்டி கிளம்பும்போதோ ஒரு முறை "டக்" என்று தட்டும். லேன் மாறும்போது பின்பக்கம் தாமதமாக வரும். நேர் ரோட்டில் ஸ்டியரிங்கை அடிக்கடி சரிசெய்ய வேண்டியிருக்கும். பின் டயர் ஒரு பக்கமாகத் தேயலாம்.

பட்டறைக்குப் போகும் முன் நீங்களே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. காருக்கு அடியில் போக வேண்டியதில்லை.

முதல் சோதனை: டிக்கியைக் காலி செய்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஜாக்கி, ஸ்பேனர், தண்ணீர் கேன், குடை எல்லாம் வெளியே. நான் செய்தது போல ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு ஒரு வருடத்தை வீணாக்காதீர்கள்.

இரண்டாவது சோதனை: பின்பக்க மூலையை இரண்டு கையாலும் அழுத்தி விடுங்கள். கார் ஒரு முறை மேலே வந்து அடங்கினால் ஷாக் அப்சார்பர் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. மூன்று நான்கு முறை ஆடினால் அதன் மேல் சந்தேகப்படலாம். ஷாக் அப்சார்பர் உடம்பில் ஆயில் வழிந்த ஈரம் இருந்தாலும் அப்படித்தான். இந்த ஒரு சோதனையை நான் முன்பே செய்திருந்தால் 5,200 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

மூன்றாவது சோதனை: சமதளத்தில் காரை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். ஒருவர் காரை முன்னும் பின்னும் லேசாகத் தள்ளட்டும். இன்னொருவர் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று கேட்கட்டும். பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும். சக்கரம் நிற்க, உடம்பு மட்டும் நகர்ந்து "டக்" என்றால், இடையில் இருக்கும் புஷ்ஷில் இடைவெளி விழுந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

நான்காவது சோதனை பட்டறையில். காரைத் தூக்கியபின் டார்ச் அடித்து ரப்பரைப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்களும் பாருங்கள். ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்திருக்கிறதா, வட்டமாக வெடித்திருக்கிறதா, நடுக்குழாய் மையத்தை விட்டு ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கிறதா? கடப்பாரை மாதிரியான லீவரை வைத்து நெம்பினால் ரப்பர் கொஞ்சம் அசையத்தான் செய்யும். அசைந்து திரும்பி வந்தால் சரி. இரும்போடு இரும்பு இடித்தால் மாற்ற வேண்டியதுதான்.

என் காரை இப்படிப் பார்த்தது நமக்குப் பக்கத்துத் தெருவில் ஷெட் வைத்திருக்கும் ஒரு இளைஞர். லேட்ரல் ராடு புஷ் இரண்டும் போய்விட்டன, ட்ரெய்லிங் ஆர்ம் புஷ்ஷில் இரண்டு கிழிந்துவிட்டன, மீதி இரண்டு வெடித்திருக்கின்றன என்று காட்டினார். ஆறையும் மாற்ற முடிவு செய்தோம். ஒன்று போனால் மற்றவையும் அதே வயதுதானே.

அங்கே ஒரு சிக்கல். 2015 டிசம்பர் வெள்ளத்தில் என் கார் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒரு போல்ட் புஷ்ஷின் நடுக்குழாயோடு சேர்ந்து துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது. நட்டு கழன்றுவிட்டது, போல்ட் வரவில்லை. "கேஸ் கட்டர் வைத்துச் சூடு பண்ணினால் வந்துவிடும்" என்று பக்கத்தில் இருந்தவர் யோசனை சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆல்டோவில் பெட்ரோல் டேங்க் பின்பக்கம்தான் இருக்கிறது. துருவுக்கான ஸ்பிரே அடித்து ஒரு இரவு ஊறவிட்டோம். காலையிலும் வரவில்லை. ஹாக்ஸா பிளேடால் அறுத்து எடுத்தோம். இரண்டு மணி நேரம் கூடுதலாக ஆனது. ஆனாலும் பெட்ரோல் டேங்க் பக்கத்தில் நெருப்பு வேண்டாம் என்று நீங்களும் பிடிவாதமாக இருங்கள். புதுப் போல்ட்டும் நட்டும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வதும் நல்லது.

கழற்றிய கம்பிகளை லேத் பட்டறைக்கு எடுத்துப்போய், ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பழைய புஷ்ஷைத் தள்ளி எடுத்துப் புதியதை அழுத்தினோம். மாட்டினோம். சத்தம் சுத்தமாகப் போனது. மனைவி பின்சீட்டில் உட்கார்ந்து, "இப்பதான் கார் மாதிரி இருக்கு" என்றார். நானும் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

ஏழே மாதத்தில் சத்தம் திரும்ப வந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. புஷ் டூப்ளிகேட் என்று முடிவு கட்டினேன். கிழிந்த புஷ்களைக் கழற்றி வாங்கிக்கொண்டு, பில்லையும் எடுத்துக்கொண்டு, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நான் வாங்கிய கடைக்கே போய் நாலு பேர் முன்னால் சத்தம் போட்டேன். கல்லாவில் இருந்த பெரியவர் எதிர்த்துப் பேசவில்லை. புஷ்களை வாங்கி வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "சார், இது நசுங்கிக் கிழியலை. முறுக்கிக் கிழிஞ்சிருக்கு. நாலும் ஒரே மாதிரி கிழிஞ்சிருக்கு பாருங்க. ரப்பர் மேல தப்பில்ல. வண்டி தொங்கும்போதே டைட் பண்ணியிருப்பாங்க."

இன்றைய பேச்சில் மிக முக்கியமான இடம் இதுதான். ஒரு சின்ன செய்முறை காட்டுகிறேன், நீங்களும் செய்து பாருங்கள். உங்கள் இடது முன்கையை வலது கையால் இறுகப் பிடியுங்கள். பிடி நழுவாமல் வலது கையைக் கொஞ்சம் முன்னும் பின்னும் திருப்புங்கள். தோல் இழுபட்டுத் திரும்பும். வலிக்காது. இப்போது வலது கையை ஒரு பக்கமாக முடிந்த வரை முறுக்கி, அந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டு, அங்கிருந்து இன்னும் திருப்பப் பாருங்கள். வலிக்கிறதா? அதுதான் புஷ்ஷின் நிலை.

புஷ் ஒரு பேரிங் போலச் சுழல்வதில்லை. போல்ட்டை இறுக்கியதும் நடுக்குழாய் காரின் உடம்போடு ஒன்றாகிவிடும். வெளிவளையம் கம்பியோடு சேர்ந்தது. சக்கரம் மேலும் கீழும் போகும்போது நடுவில் இருக்கும் ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. இதற்கு ஒரு நடுநிலை உண்டு. கார் நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்கும்போது முறுக்கு இல்லாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் மேலே போனாலும் கீழே வந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, மறுபடி நிமிரும்.

காரை லிஃப்டில் தூக்கினால் பின் சக்கரங்கள் கீழே தொங்கிவிடும். என் காரில் அளந்து பார்த்தேன், நான்கு அங்குலத்துக்கு மேல் தொங்குகிறது. அந்த நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டு காரை இறக்கினால், கார் சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுக்கிய நிலையில் இருக்கும். இரவும் பகலும் அப்படியே. ஒவ்வொரு பள்ளத்திலும் அதற்கு மேல் இன்னும் முறுக்கும். நல்ல கம்பெனி ரப்பரானாலும் எத்தனை நாள் தாங்கும்? இந்த காரணத்தால்தான் காரின் சர்வீஸ் மேனுவலிலேயே, இந்த நட்டுகளைக் கடைசியாக இறுக்குவதை காரை லிஃப்டிலிருந்து இறக்கி, பாரம் இல்லாமல் தரையில் நிற்கும்போது செய்ய வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள்.

கடைப் பெரியவரிடம் நாலு பேர் முன்னால் சத்தம் போட்டதால், அதே நாலு பேர் முன்னால் மன்னிப்பும் கேட்டேன். அவர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். புதிதாக இன்னொரு செட் வாங்கிக்கொண்டு ஷெட் இளைஞரிடம் வந்தேன். அவர் மழுப்பவில்லை. "ஆமா சார், மேல இருக்கும்போதே டைட் பண்ணிட்டேன். எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அப்படித்தான் பண்ணுவாரு" என்றார். "சரி தம்பி, இந்த முறை கீழே வைத்துச் செய்வோம்" என்றேன். பாதிக் கூலிதான் வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது முறை செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் மெக்கானிக்கிடம் இதை அப்படியே கேட்கலாம்.

காரைத் தூக்கும் முன், சமதளத்தில் நிற்கும்போதே, பின் சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து இரண்டு பக்கமும் குறித்துக்கொண்டோம். இதுதான் நடுநிலை உயரம். முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கியரில் போட்டோம். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் ஹேண்ட்பிரேக்கால் பயன் இல்லை, அது பிடிப்பது பின் சக்கரத்தைத்தானே. தூக்கியபின் காரின் உடம்புக்கு ஸ்டாண்டு, அச்சுக்கு அடியில் தனியாக ஒரு டிராலி ஜாக்கி.

ஒரு நேரத்தில் ஒரு கம்பி மட்டும் கழற்றினோம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினால் அச்சு நகர்ந்துவிடும், பிறகு போல்ட் துளைகள் நேராக வராது. பிரேக் ஹோஸும் ஹேண்ட்பிரேக் கேபிளும் இழுபடாமல் பார்த்துக்கொண்டோம். பழைய புஷ்ஷை எடுக்கும் முன் அது எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கிறது, இரண்டு பக்கமும் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொண்டோம். சில புஷ்களில் ரப்பரில் காலி இடம் விட்டிருப்பார்கள், திசை மாறினால் வேலைக்கு ஆகாது. பிரஸ்ஸில் வெளிவளையத்தின் மேல் மட்டும் அழுத்த வேண்டும். நடுக்குழாயில் அழுத்தினால் ரப்பர் உள்ளேயே பிரிந்துவிடும். வழுக்க வேண்டுமென்றால் சோப்புத் தண்ணீர். கிரீஸ் வேண்டாம்.

எல்லாவற்றையும் மாட்டி, நட்டுகளைக் கையால் சேர்த்து, லேசாக மட்டும் பிடித்துவிட்டோம். சக்கரத்தை மாட்டி, காரை இறக்கி, நான்கு முறை பின்பக்கத்தை அழுத்தி விட்டு, காரை மெதுவாக உருட்டிப் பள்ளம் இருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோனோம். நல்லவேளை, அடுத்த கதவுதான். சக்கரங்கள் தரையில் நிற்க, ஆள் பள்ளத்துக்குள் நின்று, டார்க் ரெஞ்ச் வைத்து ஆறு இடத்தையும் இறுக்கினார். முன்பு குறித்த அளவோடு டேப்பில் ஒத்துப் பார்த்தோம், சரியாக இருந்தது. பழைய காலத்துப் பள்ளம் இந்த வேலைக்கு மிகவும் பொருத்தம். பள்ளம் இல்லையென்றால், நான்கு சக்கரமும் பலகையில் நிற்கும் வகை லிஃப்ட் இருக்கும் இடத்தில் செய்யலாம். பிறகு வீல் அலைன்மென்ட் பார்த்தோம். 500 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்களை இன்னொரு முறை சரிபார்த்தோம்.

செலவு: புஷ் ஆறு 1,140 ரூபாய், போல்ட் நட்டு 260, லேத் பட்டறை 600, கூலி 750, அலைன்மென்ட் 400. மொத்தம் 3,150 ரூபாய். நான் தேவையில்லாமல் மாற்றிய ஷாக் அப்சார்பரைவிடக் குறைவு. முதல் முறை வீணானதையும் சேர்த்தால் கணக்கு வேறு. அதை மனைவி தனியாக வைத்திருக்கிறார்.

மூன்று எச்சரிக்கைகள். ஒன்று, இந்த வேலையை நாமே வீட்டில் செய்யலாம் என்று கிளம்பாதீர்கள். டிக்கியில் இருக்கும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். அதை நம்பி யாரும் காருக்கு அடியில் போகக் கூடாது, உங்கள் டிரைவரையும் அனுப்பக் கூடாது. இரண்டு, பழைய புஷ்களைக் கையில் கேட்டு வாங்குங்கள். மாற்றினார்களா என்பதற்கு அது வவுச்சர். மீண்டும் கெட்டால் எப்படிக் கெட்டது என்று சொல்லும் சாட்சியும் அதுதான். மூன்று, கம்பியின் முனை வந்து சேரும் இடத்தில் காரின் உடம்பில் இருக்கும் பிராக்கெட்டைத் தட்டிப் பாருங்கள். துரு தின்று ஓட்டை விழுந்திருந்தால் புது புஷ் போட்டுப் பயனில்லை. அப்போது காரை விட்டுவிட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். பழைய கார் மேல் எனக்குப் பாசம் உண்டு, ஆனால் அந்த இடத்தில் பாசம் பார்க்கக் கூடாது.

என் காரில் அந்தப் பிராக்கெட் நன்றாக இருந்தது. இரண்டாவது செட் போட்டு இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது. போன மாதம் ஷெட்டில் தூக்கிப் பார்த்தோம். ரப்பரில் ஒரு கீறல் இல்லை. அந்த இளைஞர் இப்போது எந்தக் காருக்கும் தரையில் வைத்துத்தான் கடைசி இறுக்கு இறுக்குகிறார்.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நம் பார்க்கிங்கிலேயே, முதல் மூன்று சோதனைகளையும் விருப்பமுள்ளவர்கள் கார்களில் செய்து பார்க்கலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். நான் டேப்பும் நோட்டும் கொண்டு வருகிறேன். தள்ளுவதற்கு மட்டும் இளைஞர்கள் யாராவது வாருங்கள்.

அதுவரை காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடிய ஒன்று உண்டு. வீட்டுக்குப் போனதும், உங்கள் காரில் பின்சீட்டில் உட்காருபவரிடம், "பின்னாடி ஏதாவது சத்தம் கேட்குதா?" என்று கேளுங்கள். பதில் சொன்னால், ஜாக்கி மேல் பழி போடாதீர்கள்.